ஆறு பொட்டு வைத்த துப்பாக்கி

வீட்டுக்குள் ஒரு துப்பாக்கிதான் வரலாம், ரெண்டாவது வந்தால் நான் ஊருக்குக் கப்பல் ஏறிவிடுவேன் என்று சொன்னது நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என் வாய் சும்மா இருந்திருந்தால் அந்த மூணு நாள் என் ஆயுசில் வந்தே இருக்காது.

சைகோனில் எங்களுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பென்தான் என்கிற பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கம், மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். மாமனார் காலத்தில் அது வட்டிக்கடை. அந்தத் தொழில் படுத்த பிறகு எங்கள் வீட்டுக்காரர் கண்ணாடிக்கு மாறினார். செட்டிநாட்டில் கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ண, போகிற ஆம்பளைகள் பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். நான் அடம்பிடித்துக் கூட வந்தவள். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் துப்பாக்கி சுடும் கிளப். அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு முந்நூறு மீட்டர் தள்ளி ஒட்டியிருக்கிற காகிதத்தைச் சுடுவார்கள். "காகிதம் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்பேன். சிரிப்பார். எறும்பு ஊறினால்கூட ஊதிவிடுகிற மனுஷன். அதுவரை கிளப் துப்பாக்கியை இரவல் வாங்கித்தான் சுட்டுக்கொண்டிருந்தார். பிறகு கிளப் சிநேகிதர்கள் தாலாத் பக்கத்து மலையில் மான் வேட்டைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வேட்டைக்குப் போகாதவனை அந்தக் கூட்டத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்களாம். பந்தயத்துக்கு ஒன்று, மானுக்கு ஒன்று என்று ரெண்டு துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாக எடுத்தார். அப்போதுதான் நான் கப்பல் ஏறுகிற பேச்சைப் பேசினேன்.

பாவம், அன்றிலிருந்து எட்டு மாசம் அவருக்குத் தூக்கமில்லை. ரெண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி எப்படிச் சரிப்படும்? பந்தயத்துக்குக் கனம் வேண்டுமாம். குழாய் தடியாக இருந்தால் நாற்பது குண்டு அடுத்தடுத்துப் போனாலும் சூடேறிக் குறி நகராதாம். கனத்தில் கையும் ஆடாதாம். மானுக்குப் போகிறவனுக்கு எல்லாமே நேர் எதிர். விடிந்ததிலிருந்து மலை ஏறி இறங்கணும், பதுங்கணும், முட்டி போட்டு ஊரணும். ஏழு கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் மானைக் கண்ட நேரத்தில் மூச்சு வாங்கும். அங்கே ஒரே குண்டுதான். குழாய் சூடாக நேரமே இல்லை. இதையெல்லாம் எனக்கு எதற்குச் சொல்கிறார் என்று எரிச்சலாக வரும். ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு யாரிடம் சொல்வார்?

ஒரு வாரம் பூரா துணிப்பையில் அரிசியை நிறுத்துப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார். நாலு கிலோ ஒரு நாள், அஞ்சு கிலோ ஒரு நாள், ஆறு ஒரு நாள். கீழ்வீட்டு வியட்நாமியப் பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் சண்டையா என்று என்னிடம் கேட்டாள். கடைசியில் அஞ்சுக்குக் கொஞ்சம் குறைச்சல் என்று முடிவானது. குழாய் ரொம்பத் தடியும் இல்லை, மெலிசும் இல்லை. குண்டு ஆறரை மில்லிமீட்டர். தோளில் அதிகம் உதைக்காது, மானுக்கும் போதும். மேலே மாட்டுகிற தொலைநோக்கி மூணு மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை திருகிக்கொள்ளலாம். காட்டுக்கு மூணு, பந்தயத்துக்கு ஒன்பது.

வாங்குகிற அன்றைக்கு என்னையும் கூட்டிப்போனார். துப்பாக்கிக் கடைக்காரர் கோர்சிக்காத் தீவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர். "மதாம், நீங்களும் பாருங்கள்" என்று துப்பாக்கியை மேஜை மேல் முட்டுக் கொடுத்து வைத்து, தெருவைப் பார்க்கச் சொன்னார். ஒன்பதில் வைத்திருந்தார்கள். தெருக்கோடியில் ஒரு சிக்ளோக்காரன், நம்ம ஊர் சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் மாதிரி, தன் வண்டியிலேயே சாய்ந்து உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். அவன் மூக்கு நுனியில் வேர்வை நிற்கிறது எனக்குத் தெரிந்தது. என்னவோ நினைத்துத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டான்.  கண்ணை எடுத்துவிட்டேன்.

"என்ன?" என்றார்.

"ஆத்தாடி, வேணாங்க. அவன் சிரிக்கிறது எனக்குத் தெரியுது. நான் ஒருத்தி இருக்கிறதே அவனுக்குத் தெரியலை."

 ஆனாலும் வாங்கினார்.

துப்பாக்கி வந்த வருஷம் ஆயுத பூஜையில் தையல் மிஷினுக்கும் கண்ணாடி தேய்க்கிற மிஷினுக்கும் பக்கத்தில் அதையும் வைத்தேன். ஆயுதம் என்று வீட்டில் நிஜமாகவே இருப்பது அது ஒன்றுதானே? இரும்பில் வைக்காதே, துருப் பிடிக்கும் என்று குதித்தார். சரி என்று கட்டையில், தோளில் வைக்கிற பக்கமாக, சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தேன். மற்ற சாமானை எல்லாம் மறுநாள் ஈரத்துணி போட்டுத் துடைத்துவிடுவேன். இதைத் துடைக்க விடமாட்டார். ஈரம் பட்டால் கட்டை உப்பிக் குறி மாறிவிடுமாம். பொட்டுக் காய்ந்ததும் அதன் மேலேயே ஆளி விதை எண்ணெயைப் பூசிவிட்டார். அடுத்த வருஷம் பழைய பொட்டுக்குப் பக்கத்தில் புதுசு. இப்படி ஆறு வருஷம், வரிசையாக ஆறு பொட்டு. எண்ணெய்க்கு அடியில் பளபளவென்று மரத்தோடு மரமாகிக் கிடந்தன.

மானுக்கும் போனார். யுத்தம் ஓய்ந்திருக்கிற பக்கமாகப் பார்த்து வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. நாலு தடவை இலையில் பொதிந்து கறி கொண்டுவந்தார், துண்டு போட்டே. "காட்டுலயே வெட்டிக் கொடுத்துட்டாங்க" என்பார். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துக் கொடுப்பேன். கோயில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் கொடுத்தனுப்பி, எங்க வீட்டுக்காரர் சுட்டது என்று பீற்றிக்கொள்வேன்.

பிறகு எழுபத்தஞ்சு ஏப்ரல் வந்தது, வடக்கு வியட்நாம் பட்டாளம் சைகோனுக்குள் நுழைந்தது. தெற்குப் பட்டாளத்துக்காரர்கள் தெருவிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரே நாளில் கொடி மாறியது. ஆயுதம் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்கணும் என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகப் போனது. அவர் அன்றைக்கே கொடுத்துவிடலாம் என்றார். நான்தான், பொறுங்க, கூட்டம் குறையட்டும், நாலு பேர் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்றேன். பயத்தில் சொன்னது. ஒரு மாசத்துக்கு மேல் அது அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் கிடந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அலமாரிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன். அதற்குள் பழைய அரசாங்கத்தில் இருந்தவர்களை, திருத்திப் பாடம் சொல்லணும் என்று, பத்து நாளுக்குத் துணி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். போனவர்கள் பத்து நாளில் வரவில்லை. கீழ்வீட்டுப் பெண்ணின் புருஷன் அதில் ஒருத்தன். அவள் அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை.

கடைசியில் அதை ஒப்படைக்க அவர் எங்கள் பேட்டை ஆபீசுக்குக் கிளம்பின அன்று காலையில் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டார். கொடுக்கிற பொருளைச் சுத்தமாகக் கொடுக்கணுமாம். அடப்பாவி மனுஷா! போர்வையில் சுற்றி சிக்ளோவில் எடுத்துக்கொண்டு போனார். மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவேன் என்றார். வரவில்லை. சாயங்காலம் நான் போனபோது, விசாரணையில் இருக்கிறார், வீட்டுக்குப் போங்கள் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரே எண்ணம்தான். சோதனை போட வருவார்கள். பொட்டு, மஞ்சள், கயிறு எல்லாம் பார்த்தால் என்னவோ ரகசியக் கூட்டம் என்று நினைப்பார்களோ? தையல் மிஷினின் இடுக்கில் ஒட்டியிருந்த பழைய குங்குமத்தைக்கூட ஊசியால் நோண்டி எடுத்தேன். நிலைக்கதவைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வீட்டில் ஒரு சிவப்புப் புள்ளி மிச்சமில்லை. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் பண்ணுகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

மூணாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். அந்த ஆபீஸ் முன்பு பள்ளிக்கூடமாக இருந்தது. சுவரில் கரும்பலகை அப்படியே இருந்தது. அவர் ஓரத்தில் ஒரு சின்ன பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மூணு நாள் தாடியோடு. என்னைப் பார்த்ததும் வேண்டாம் என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினார். எதை வேண்டாம் என்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மேஜை மேல் துப்பாக்கி. பக்கத்தில் அவர் சட்டைப்பையில் இருந்த சாமான்கள்: பேனா, கைக்குட்டை, லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடி. மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, வடக்கு வியட்நாம் பேச்சு, ஒல்லியான ஆள். கத்தவே இல்லை. கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"இதை எதற்கு வாங்கினார்?" என்று கேட்டார்.

"பந்தயத்துக்கு. மானுக்கும்." எனக்கு மார்க்கெட்டில் பழகின வியட்நாமியம்தான். அது அன்றைக்குத் திக்கியது.

"பந்தயத்துக்கு என்றால் கனமாக வாங்குவார்கள். மானுக்கு என்றால் காட்டில் நூறு மீட்டருக்கு மேல் மரம்தான் தெரியும், இவ்வளவு பெரிய கண்ணாடி எதற்கு? ரொம்ப தூரத்தில் இருப்பதைக் குறி தப்பாமல் சுடவும் வேண்டும், நாள் பூராவும் காட்டில் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டும். அப்படி ஒரு துப்பாக்கி யாருக்குத் தேவை, சொல்லுங்கள். எங்களை ஒளிந்திருந்து சுட்டவர்களிடம் இப்படித்தான் இருந்தது."

எட்டு மாசம் எங்கள் வீட்டுக்காரர் அரிசிப் பையெல்லாம் தூக்கி யோசித்ததை இந்த மனுஷன் எனக்கு அப்படியே ஒப்பித்தான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 

"நான்தான் ஒண்ணு போதும்னு சொன்னேன்," என்றேன். "அவர் ரெண்டு கேட்டார்."

"ரெண்டு வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது," என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இதில் எத்தனை மான் சுட்டார்?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். அப்பாடா என்றிருந்தது. "நாலு," என்றேன் சட்டென்று. "நானே சமைத்தேன்."

பெஞ்சில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்கள் கணவர் மூணு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூணிலும் ஒரே பதில்தான். ஒரு மானும் சுடவில்லை என்கிறார்." காகிதத்தைக் கீழே வைத்தார். "நீங்கள் நாலு என்கிறீர்கள். துப்பாக்கியில் ஆறு இருக்கிறது."

அவர் விரல் துப்பாக்கிக் கட்டையில் நான் வைத்த பொட்டு மேல் இருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் காட்டினார். ஒவ்வொரு பொட்டிலும் குறுக்கே ஒரு கோடு இருந்தது. சுட்டு முடித்ததற்கு அடையாளமாக இவர் போட்ட கோடு, ஆறு பொட்டுக்கு ஆறு ஆள் என்று அவர்கள் எழுதியே விட்டிருந்தார்கள்.  எனக்கு மூத்திரம் வந்துவிடும் போல இருந்தது. வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது, அப்படித்தான் இருந்தது.

"அது பொட்டு! சாமிக்கு வைக்கிறது. நான் வைத்தது. வருஷத்துக்கு ஒண்ணு."

"அவர், தான் வைத்ததாக எழுதியிருக்கிறார்."

என்னை இதில் இழுக்கக்கூடாது என்று அப்படி எழுதியிருக்கிறார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. நல்லது பண்ணுகிறேன் என்று நினைத்துத் தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கள் வீட்டில் வேறு எந்தச் சாமானிலாவது இப்படி இருக்கிறதா? ஆள் அனுப்பிப் பார்க்கிறேன்," என்றார் அதிகாரி. நியாயமான கேள்வி. சோப்புப் போட்டுத் தேய்த்த என் கையை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

வந்த புதிதில் அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கும்போது வலது கை மோதிர விரலின் நுனியை வெட்டிக்கொண்டேன். தையல் போட்டும் குறுக்கே ஒரு தழும்பு, இன்றைக்கும் இருக்கிறது. பொட்டு வைக்கிறது அந்த விரலால்தான். விரலை நீட்டிக்கொண்டு மேஜைக்கு ஓடினேன். வாசலில் நின்ற பட்டாளத்துக்காரன் தன் துப்பாக்கியை என் பக்கம் நீட்டிவிட்டான். அவன் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது, நான் நிற்கவில்லை.

"இதைப் பாருங்க! இந்தக் கோடுதான் அந்தக் கோடு!"

அதிகாரி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்தார். பெஞ்சிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் மூணு நாளில் முதல் தடவையாக அவராக வாயைத் திறந்தார். "அந்தப் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள், ஐயா. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழணும்." அந்த நேரத்திலும் கடைக்காரப் பேச்சு.

அதிகாரி ஜன்னலோரமாகத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தார். என் விரலை இழுத்து வைத்துப் பார்த்தார். மறுபடியும் பொட்டு, மறுபடியும் விரல். சந்தனக் குழைவில் நான் அழுத்தின ரேகை, எண்ணெய்க்கு அடியில் ஆறு வருஷமாக அப்படியே இருந்திருக்கிறது. அந்த நேரம் பூராவும் நான் மாரியாத்தாளைக் கூப்பிடக்கூட இல்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒருவர் பொய் எழுதியிருக்கிறார்," என்றார் கடைசியில். "மனைவிக்காக." பிறகு என்னிடம், "நீங்கள் நாலு மான் என்றது?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கறி மார்க்கெட்டில் வாங்கினது, ஐயா. மலையிலிருந்து கொண்டுவந்து விற்பார்கள். வீட்டில் சுட்டேன் என்று சொல்லிவிட்டேன்."

அந்த அதிகாரி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. இன்னொரு காகிதத்தில் ரெண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, துப்பாக்கியை வைத்துக்கொண்டு, போகலாம் என்றார்கள். வாசல் தாண்டுகிற வரைக்கும் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று முதுகு கூசியது. தெருமுனை திரும்பியும் நாங்கள் வேகமாக நடக்கவில்லை. வேகமாக நடந்தால் சந்தேகம் வரும் என்று அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் பிடித்துக்கொண்டேன். "மானே சுடலையா? ஒண்ணுகூடவா? மானுக்குன்னுதானே இந்தக் கனத்துல வாங்கினீங்க? பந்தயத்துக்கு மட்டும் வாங்கியிருந்தா ஏழு கிலோ இரும்பு, எந்த மடையனாவது அதைக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போவானான்னு விட்டிருப்பாங்களே! என்கிட்ட முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" கத்தினேன் என்றால் அப்படிக் கத்தினேன். கத்திவிட்டு அழுதேன்.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இங்கேரு. முதல் தடவையே கடமான் ஒண்ணு நல்லா மாட்டுச்சு. மூணுலதான் வச்சிருந்தேன். காதை ஆட்டிக்கிட்டு இலை தின்னுச்சு. அன்னைக்குக் கடையில நீ சொன்னியே, நான் ஒருத்தி இருக்கிறதே அவனுக்குத் தெரியலைன்னு. அது காதுல கேட்டுருச்சு. விரலை எடுத்துட்டேன். அப்புறம் போன ஒவ்வொரு தடவையும் அதே கதைதான். வெறுங்கையோட வந்தா நீ சிரிப்பியேன்னுதான் கறி வாங்கினேன்."

 நான் சோறு வடிக்கப் போனேன். அடுப்பைப் பற்ற வைக்க நாலு குச்சி ஆனது.

சில மாசம் கழித்து ஆளுக்கொரு பையோடு டான்சோன்நியட் விமான நிலையத்தில் விமானம் ஏறி ஊருக்கு வந்துவிட்டோம். கடை, வீடு, மிஷின் எல்லாம் அங்கேயே. அதில் எதற்கும் நான் வருத்தப்படவில்லை. துப்பாக்கியை மட்டும்தான் மறக்க முடியவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க விரலை நீட்டும்போதெல்லாம் அது எங்கேயோ ஒருத்தன் கையில் இருப்பதாகத் தோன்றும். அஞ்சு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல், எத்தனை தூரம் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம், குறி தப்பவே தப்பாது. நாங்கள் அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினோம். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவன் காதில் நான் சொன்னது விழுந்திருக்க வழியில்லை.